ஓட்டலுக்கு வரலாறு இருக்கக்கூடாதா?

நெய்வேலி சுரங்கத்தை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில், ரோட்டை அகலமாக்க ஒரு பழைய ஓட்டலை இடித்தார்கள். அந்தப் படத்தை நான் போட்டதற்கு வந்த பின்னூட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். "இட்லிக் கடைக்கெல்லாம் அஞ்சலியா?" என்று சிரித்த புதுச்சேரி நண்பருக்குத்தான் இந்தப் பதிவு.

சார், 2014 மழையில் உங்கள் ஊர் மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம், விழுந்தது. பழையபடியே எழுப்பி 2021-இல் திறந்தார்கள். நல்ல விஷயம். ஆனால் பிரெஞ்சுக்காரன் தூண் வைத்துக் கட்டினால் பாரம்பரியம், எங்கள் ஆள் ஆஸ்பெஸ்டாஸ் போட்டால் வெறும் கடையா?

நெய்வேலி வரலாறு என்றால் எல்லோரும் ஒரே பாட்டு. ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கறுப்பாக ஏதோ வந்தது, 1956-இல் என்.எல்.சி. என்ற அரசு நிலக்கரிக் கம்பெனி, 1957-இல் சுரங்க வேலையைத் தொடங்கி வைக்க நேரு, 1961-இல் பழுப்பு நிலக்கரி, 1962-இல் ரஷ்ய உதவியோடு மின்சாரம். சரி. இத்தனையும் நடந்தபோது மண்ணை வெட்டியவன் எங்கே சாப்பிட்டான்? அதை எந்த விழா மலரிலாவது எழுதினார்களா?

அப்பா நைட் ஷிப்ட் முடிந்தால் நேராக வீட்டுக்கு வரமாட்டார். சட்டையெல்லாம் செம்மண்ணோடு அந்த ஓட்டல் பெஞ்சில்தான் உட்காருவார். போனஸ் பேச்சு, யூனியன் சண்டை, பெண் பார்க்கும் விவகாரம் எல்லாம் அங்கேதான். சம்பளம் வரும்வரை பற்று நோட்டு. ஸ்ட்ரைக் நாட்களில் அந்த நோட்டை முதலாளி திறக்கவே மாட்டார். சாம்பார் சுமார்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"ரோடு அகலமாக வேண்டாமா?" என்கிறார் ஒருவர். வேண்டும். அதற்காக ஒரு போட்டோ எடுத்து வைக்கக்கூட யாருக்கும் தோன்றாதா? "அதில் கட்டடக்கலை என்ன இருக்கிறது?" என்பவருக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

"கம்பெனிதானே உங்களுக்குச் சோறு போட்டது, பள்ளிக்கூடம் கட்டியது?" ஆமாம் சார், நானும் அங்கே படித்தவன்தான். ஆனால் அந்த ஓட்டல் முதலாளி யார் தெரியுமா? முந்திரிக் கொல்லையைச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு, வந்த நஷ்டஈட்டில் அடுப்பு வைத்தவர். எங்கள் தாத்தாவின் மல்லாட்டை (நிலக்கடலை)க் கொல்லையும் அந்தக் குழிக்குள்தான் போனது. ஊரே இல்லை, குலதெய்வக் கோயிலைக்கூடப் பெயர்த்துக்கொண்டு வந்தோம். 2023-இல் பக்கத்து வளையமாதேவி கிராமத்தில் விளைந்த நெல்லில் சுரங்க வேலைக்காகக் கம்பெனி இயந்திரத்தை இறக்கியபோது இதே நண்பர்கள் "வளர்ச்சி" என்று எழுதியதும் ஞாபகம் இருக்கிறது. உங்கள் வீட்டு ஏசிக்கு எங்கள் கொல்லை வேண்டும், எங்கள் ஓட்டலைப் பற்றி நான் எழுதினால் மட்டும் சிரிப்பு வருகிறதா?