லைக்கன் இருந்தா காற்று சுத்தமா?

"மரத்துல லைக்கன் படர்ந்திருந்தா அங்க மாசே இல்லை"ன்னு ஒரு நண்பர் எழுதியிருக்கார். லைக்கன்னா பூஞ்சையும் பாசியும் ஒண்ணாச் சேர்ந்து வாழ்ற உயிர். அவர் சொன்னது பாதிதான் சரி. கந்தக டைஆக்சைடு கூடினா பல வகை லைக்கன்கள் செத்துப்போகும், உண்மை. ஈயம், துத்தநாகம் மாதிரி கன உலோகம் அப்படியில்லை. லைக்கனுக்கு வேர் கிடையாது, மெழுகுத் தோலும் கிடையாது. மழையிலும் தூசியிலும் வர்றதை அப்படியே உறிஞ்சிச் சேர்த்துவைக்கும். வட பிரான்சில் உலோக உருக்காலைப் பக்கத்து மண்ணில் வளர்ற டிப்ளோஸ்கிஸ்டெஸ் மஸ்கோரம்ங்கிற லைக்கன், துத்தநாகத்தைக் கரையாத ஆக்சலேட் உப்பாக்கி முடக்கிடுது. ஆரஞ்சு மஞ்சளா மின்னுற சாந்தோரியா பரியெட்டினாங்கிற லைக்கன், ஈயத்தைத் தன்னோடப் பூஞ்சையோட செல் சுவரிலேயே கட்டிப்போடும். அதனால பார்க்கத் தெம்பா இருக்கிற லைக்கனுக்குள்ளேயும் ஈயம் குவிஞ்சிருக்கலாம். நாம பிரியாணியில் போடுற கல்பாசியும் லைக்கன்தான். தயவுசெய்து சாலையோர மரத்துல இருந்து சுரண்டிச் சமையலுக்கு எடுக்காதீங்க.