டிவியில் பார்த்தால் ரசனை கிடையாதா?

இணையத்தில் ஒருவர் போட்ட 'தமிழ் சினிமாவின் 25 தலைசிறந்த படங்கள்' பட்டியலைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அதில் 'காதலிக்க நேரமில்லை' ஏன் இல்லை என்று அங்கே கேட்டேன், அவ்வளவுதான். அதற்கு வந்த பதிலை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். "மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் டிவியில் பார்க்கிற படத்தையெல்லாம் இதில் சேர்க்க முடியாது சார்." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். 'சார்' வேறு!

ஆமாம், நான் டிவியில்தான் பார்க்கிறேன். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் பார்க்கிறேன். எத்தனையாவது தடவை என்று தெரியாமல் பார்க்கிறேன். ஒரு படம் இத்தனை தடவைக்கும் தாங்குகிறதே, அது தரம் இல்லையா? இதைத்தான் அங்கேயும் கேட்டேன், இங்கேயும் கேட்கிறேன்.

அந்தப் படத்தில் நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பேய் வராது. ரத்தம் வராது. சத்தத்தையெல்லாம் நாகேஷே வாயால் போடுவார். எதிரே உட்கார்ந்திருக்கும் பாலையாவின் முகத்தில்தான் படம் ஓடுகிறது. சொல்கிறவனைப் பார்ப்பதா, கேட்கிறவரைப் பார்ப்பதா என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம். 1964ல் ஸ்ரீதர் இதை எடுத்திருக்கிறார். இதே ஸ்ரீதர்தான் இரண்டு வருடம் முன்னால் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' எடுத்து ஊரையே அழ வைத்தவர். அழ வைத்தால் கலை, சிரிக்க வைத்தால் மதியத் தூக்கமா?

'பழைய ஞாபகத்தில் பேசுகிறீர்கள்' என்பார்கள். இருக்கட்டுமே. உங்கள் பட்டியல் '16 வயதினிலே'யில், அதாவது 1977ல், தொடங்குகிறதே, அது யாருடைய ஞாபகம்?

'உலக அளவில் பட்டியல் போடுகிறவர்கள் இப்படியா பார்க்கிறார்கள்?' என்று ஒரு தம்பி கேட்டார். பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' சினிமா இதழ் 1952லிருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை பட்டியல் போடுகிறது. முதலில் 'பைசைக்கிள் தீவ்ஸ்', அப்புறம் 2002 வரைக்கும் 'சிட்டிசன் கேன்', 2012ல் 'வெர்டிகோ', 2022ல் 'ழான் டீல்மன்'. முதலிடமே நிரந்தரமில்லை. அந்த 2022 பட்டியலில் பத்தாவது இடத்தில் இருப்பது 'சிங்கிங் இன் த ரெய்ன்', 1952ல் வந்த ஆட்டம் பாட்டக் காமெடி. வெள்ளைக்காரன் சேர்த்தால் கலை போலிருக்கிறது.

டிவியில் படத்தைக் கொலை செய்கிறார்கள் என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். பாட்டை வெட்டுகிறார்கள், படத்தைப் பக்கவாட்டில் இழுத்து எல்லோரையும் குண்டாக்குகிறார்கள், பத்மினியின் பாதத்துக்கு மேல் நகைக்கடை விளம்பரம் ஓடுகிறது. இவ்வளவுக்கும் பிறகு 'தில்லானா மோகனாம்பாள்' நம்மை எழுந்திருக்க விடாமல் பிடித்து வைக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? இருட்டு அரங்கில் கதவைச் சாத்திக்கொண்டு காட்டினால் எந்தப் படத்தையும் உட்கார்ந்து பார்க்கலாம்.

என் அத்தை ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். திரைப்பட விழா எதற்கும் போனதில்லை, டிவிதான். 'திருவிளையாடல்' தருமி காட்சி ஓடும்போது ஒருநாள் சொன்னார்: "சிவாஜி எவ்ளோ பெரிய ஆளு! இங்க மட்டும் ஒதுங்கி நின்னு நாகேஷை ஆட விட்டிருக்காரு பாரு." அதுவரை நான் நாகேஷை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவருக்குத்தான் இந்தக் கண் வரும். இவரையும் சேர்த்துத்தான் 'சீரியல் பார்க்கிற ஆன்ட்டிகள்' என்று அங்கே ஒருவர் எழுதினார். என்னைச் சொன்னதைக்கூட விட்டுவிடுகிறேன்.

இன்னொன்று. 1918ல் வந்த மௌனப் படம் 'கீசக வதம்', ஒரு பிரதிகூட இன்றைக்கு இல்லை. 1931ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்', அதுவும் இல்லை. போனது போனதுதான். மிச்சம் இருப்பதை இழுத்தோ வெட்டியோ தினமும் யாரோ ஒளிபரப்புகிறார்கள், நாம் பார்க்கிறோம். நீங்கள் 1977க்கு முந்தையதையெல்லாம் ஒரே கோட்டில் அடித்துவிட்டு அதற்குத் 'தமிழ் சினிமாவின்' என்று தலைப்பும் வைக்கிறீர்கள். 'என் தனிப்பட்ட ரசனை' என்பதைக் கமென்டில் வந்து சொல்கிறீர்கள். அதைத் தலைப்பிலேயே போட்டிருந்தால் நான் லைக் போட்டுவிட்டுப் போயிருப்பேன்.

பட்டியல் போட்டவர் எனக்குப் பழக்கமானவர்தான். பல வருடம் முன்பு ஒரு ராத்திரி 'அந்த நாள்' போடுகிறான், உடனே டிவியைப் போடுங்கள் என்று போன் செய்தவன் நான். 1954ல், பாட்டே இல்லாமல், சிவாஜியை வைத்து இப்படி ஒரு படமா என்று மறுநாள் அவரே கூப்பிட்டார். அதை இயக்கிய வீணை எஸ். பாலசந்தரைப் பற்றி அத்தனை நேரம் பேசினார். எதில் பார்த்தார்? விளம்பரத்தோடு, அதே டிவியில்.

அந்தப் படமும் பட்டியலில் இல்லை. பாகம் இரண்டு வரப்போகிறதாம். தயவுசெய்து என்னை டேக் செய்யாதீர்கள், சார்.