போட்ட மெயில் எங்கே போச்சு?

கரூரில் மேஜை விரிப்பு, சமையலறைத் துண்டு ஏற்றுமதி செய்கிறோம். ஆர்டர், சாம்பிள் ஒப்புதல், பேக்கிங் லிஸ்ட், கப்பல் தேதி என்று எல்லாமே மெயிலில்தான் ஓடுகிறது. அது ஒரு நாள் நின்றால் தறி நின்ற மாதிரி. அந்த மெயிலையும் வெப்சைட்டையும் ஒரு ஹோஸ்டிங் கம்பெனியிலிருந்து (வெப்சைட்டுக்கும் மெயிலுக்கும் சர்வரில் இடம் வாடகைக்கு விடுகிறவர்கள்) இன்னொன்றுக்கு மாற்றப்போய் இந்த மாதம் பட்ட பாட்டை எங்காவது கொட்டித் தீர்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

மாற்றியதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சேரும்போது ஒரு விலை, புதுப்பிக்கும்போது மூன்று மடங்கு, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சைட் வேறு அடிக்கடி படுத்துக்கொள்ளும். புதுக் கம்பெனிக்காரர் போனில் தேனாகப் பேசினார். "இலவசமா மாத்தித் தர்றோம் சார், நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம்." நம்பினேன். சனிக்கிழமை ராத்திரி நேம்சர்வரை, அதாவது எங்களைத் தேடி வருகிறவர்களுக்கு வழி சொல்லும் செட்டிங்கை, மாற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை சைட் பளிச்சென்று வந்தது.

திங்கள் காலை ஒன்பதேகால். கணக்குப் பார்க்கும் பெண் கூப்பிட்டாள். "அண்ணா, இன்பாக்ஸ்ல ஒரு மெயில்கூட இல்லீங்க." ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு பையருக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு ஆறு வருஷமாக அடுக்கி வைத்திருந்தாள். ஒன்றும் இல்லை. அவுட்லுக் திரையின் அடியில் மட்டும் எல்லா ஃபோல்டரும் அப்டேட் ஆகிவிட்டதாக ஒரு வரி. அவள் கண் கலங்கிவிட்டது, தான் எதையோ தப்பாக அழுத்திவிட்டோம் என்று.

அவள் எதையும் அழுத்தவில்லை. ஐமேப் முறையில் மெயில் இருப்பது சர்வரில். நம் கம்ப்யூட்டரில் தெரிவது அதன் நகல். புது சர்வரில் அதே பெயரில், அதே பாஸ்வேர்டில் காலிப் பெட்டி திறந்து வைத்தார்கள். அவுட்லுக் அங்கே போய்ப் பார்த்தது, காலியாக இருந்தது, இங்கேயும் காலி செய்துவிட்டது. போன் போட்டுக் கேட்டால், "இலவச மாற்றம் வெப்சைட்டுக்கு மட்டும்தான் சார், மெயில் தனி" என்கிறார்கள். சனிக்கிழமை ஏனய்யா இதைச் சொல்லவில்லை? தினம் பத்துப் பேருக்கு இதே வேலையைச் செய்கிறவர்களுக்கு, திங்கட்கிழமை என்ன நடக்கும் என்று தெரியாதா? "பழைய மெயிலை பேக்கப் எடுத்து வையுங்கள்" என்று ஒரு வரி, அது போதுமே! பழைய கணக்கு முடிய இன்னும் 20 நாள் இருந்ததால் பிழைத்தோம். இரண்டு ராத்திரி உட்கார்ந்து பெட்டி பெட்டியாக இழுத்தோம்.

சரி, இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம்தான் தூத்துக்குடி.

அங்கே துறைமுக, சுங்க வேலைகளைப் பார்க்கும் எங்கள் கிளியரிங் ஏஜென்ட், பில் ஆஃப் லேடிங் (சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான ஆவணம்) டிராஃப்ட்டைச் சரிபார்க்க அனுப்பியிருக்கிறார். எங்களுக்கு வரவில்லை. "போட்டேனே" என்கிறார். "வரலையே" என்கிறேன். அவருக்குத் திரும்பியும் வரவில்லை, ஸ்பாமிலும் இல்லை. டிராஃப்ட்டில் பையர் பெயரில் ஓர் எழுத்து தப்பு. நாங்கள் பார்க்காததால் அது அப்படியே ஒரிஜினலாகிவிட்டது. திருத்தக் கட்டணம் கட்டினோம், பேப்பர் பேங்குக்குப் போக ஒரு வாரம் தாமதம்.

காரணம் கண்டுபிடிக்க ஐந்து நாள். ஏஜென்டின் மெயிலும் எங்கள் பழைய கம்பெனியில், அதே சர்வரில்தான் இருக்கிறது. அந்த சர்வரிலிருந்து எங்கள் டொமைனை (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) அவர்கள் எடுக்கவில்லை. அதனால் அவர் எங்களுக்கு மெயில் போட்டால் சர்வர் வெளியே விசாரிப்பதே இல்லை. ஒரு டொமைனின் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டு எங்கே காட்டுகிறது என்று பார்க்காது. இந்த முகவரி நம்மிடமே இருக்கிறது என்று எங்கள் பழைய பெட்டியில் போட்டுவிடும். நாங்கள் காலி செய்த வீட்டு வாசலில் தபால் குவிகிற கதை.

இதற்கு வைத்தியம் ஒரே ஒரு செட்டிங். மெயில் ரூட்டிங்கில் லோக்கல் என்று இருப்பதை ரிமோட் என்று மாற்றினால் போதும். அதற்குப் பழைய கம்பெனிக்கு நான்கு டிக்கெட், அதாவது புகார், எழுத வேண்டியிருந்தது. முதல் பதில், கேஷ் கிளியர் பண்ணிப் பாருங்கள். இரண்டாவது, டிஎன்எஸ் (நேம்சர்வர் மாற்றிய தகவல்) எல்லா இடத்துக்கும் பரவ 48 மணி நேரம் ஆகும். நான் எழுதியபோது பத்து நாள் ஆகியிருந்தது! மூன்றாவது, பிரச்சினை எங்கள் பக்கம் இல்லை. நான்காவது ஆள் புரிந்துகொண்டு இரண்டே நிமிடத்தில் மாற்றினார். அந்த மனுஷன் நன்றாக இருக்கட்டும். பழைய பெட்டியைத் திறந்தால் பதினேழு மெயில். ஏஜென்ட் போட்டது, சாயப்பட்டறைக்காரர் போட்டது, எல்லாம் படிக்காமல் கிடந்தன.

போகிற மெயில் கதை இன்னொன்று. எங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி என்று சொல்வது எஸ்பிஎஃப் வரி. புதுக் கம்பெனி தன்னுடையதைச் சேர்த்தது, பழையதை எடுக்கவில்லை. ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. மெயில் எங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பமான டிகேஐஎம் போடவே இல்லை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் கறாராக இருக்கிறது என்பது ஹோஸ்டிங் நடத்துகிறவர்களுக்குத் தெரியாத சங்கதியா? எங்கள் விலைப்பட்டியல் எத்தனை பேருடைய ஸ்பாமில் போய் விழுந்ததோ!

எனக்குக் கோபம் தப்பு நடந்ததில் இல்லை. இரண்டு கம்பெனிக்கும் இவ்வளவும் தெரியும், வாயைத் திறக்கவில்லை, அதில்தான். போகிறவனுக்குச் சொல்லி நமக்கென்ன என்று பழையவன் இருந்துவிட்டான். சொன்னால் பயந்து வராமல் போய்விடுவான் என்று புதியவன் மறைத்துவிட்டான். நடுவில் அந்தப் பெண் அழுதாள், நான் திருத்தக் கட்டணம் கட்டினேன்.

அமெரிக்கப் பையர்கள் இரண்டு பேரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. மணி ஏழாகிறது. அங்கே ஆபீஸ் திறந்ததும் போன் போட்டு, எங்கள் மெயில் வந்ததா என்று கேட்க வேண்டும்.