லயன் காம்பரா யாருடைய சொத்து?

"ஹட்டன் டவுனில் கடை வாசலில் படுப்பவர்கள் எல்லாம் தோட்டம் கொடுத்த இலவச வீட்டைக் குடித்துத் தொலைத்தவர்கள்" என்று இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதி ஊரான ஹட்டன் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். குடி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தொலைப்பதற்கு முதலில் வீடு அவர்களுடையதாக இருந்திருக்க வேண்டுமே?

லயன் காம்பரா, அதாவது தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீட்டின் ஓர் அறை, தோட்ட வேலையோடு ஒட்டி வந்தது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. இத்தனை கைமாறியும் அங்கே குடியிருந்தவர் கைக்குக் காணி உறுதி (நிலப் பத்திரம்) வரவில்லை. உறுதி இல்லாமல் ஈடு வைத்துக் கடன் எடுக்க முடியாது, விற்று டவுனில் ஒரு துண்டு வாங்கவும் முடியாது. மகன் கல்யாணம் முடித்தால் அந்த ஒரு காம்பராவிலிருந்து யாராவது கிளம்பித்தான் ஆக வேண்டும். டவுனில் அட்வான்ஸ், வாடகை. நாட்கூலிக்காரருக்கு ஒரு மாதம் வேலை இல்லாவிட்டால் அதுவும் போச்சு.

இதற்கெல்லாம் முன்னால் 1948 குடியுரிமைச் சட்டம் இந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அந்தச் சிக்கலின் மிச்சத்தைத் தீர்க்க 2003இல் தனிச்சட்டம் தேவைப்பட்டது. நாடற்றவருக்கு அரச காணி யார் கொடுப்பார்? அப்புறம், 2014இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயன்களைப் புதைத்ததே, அந்தக் குடும்பங்கள் வீடிழந்ததும் குடியாலா?

இப்போது 7 பேர்ச்சஸ் (சுமார் 1,900 சதுர அடி) காணியோடு தனி வீடு கட்டுகிறார்களே என்பீர்கள். சரி, கட்டுகிறார்கள். ஆனால் தோட்டக் குடும்பங்களில் பாதிக்கு மேல் இன்னும் லயனில்தான் இருக்கின்றன.