மானுக்கு எந்தத் தோட்டா?

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமிருந்து அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் சிலர் அங்கே முறையாக உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்து அஞ்செட்டியிலும் பென்னாகரத்திலும் சிலருக்குக் கை துறுதுறுக்கிறது. இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

முதலில் வெளிநாட்டில் இருக்கும் தம்பிகளுக்கு. எச்1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர் அமெரிக்காவில் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். அதற்குள்ள சில விலக்குகளில் செல்லுபடியாகும் வேட்டை உரிமமும் ஒன்று. உரிமம் காலாவதியானால் விலக்கும் போச்சு. அதனால் கடைக்குப் போகும் முன் உரிமத் தேதியைப் பாருங்கள்.

அடுத்தது, அந்த ஊர்ச் சட்டமே தோட்டாவுக்கு அளவு வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் 1991 மான் சட்டப்படி பெரிய மான்களுக்கு ரைபிள் விட்டம் 0.240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குண்டு குழல்வாயை விட்டு வரும்போது 1,700 அடி-பவுண்டு (ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் வேண்டும். கொலராடோவில் விட்டம் 0.24 அங்குலம், குண்டு குறைந்தது 70 கிரெய்ன் (குண்டின் எடைக்கான சின்ன அலகு), 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு மிச்சம் இருக்கணும். ஆற்றலைக் கணக்குப் போடுவது எளிது: குண்டின் எடையை (கிரெய்னில்) வேகத்தின் வர்க்கத்தால் (வினாடிக்கு அடியில்) பெருக்கி 450,240 ஆல் வகுங்கள். 223 ரகத் தோட்டாவில் 55 கிரெய்ன் குண்டு 3,240 அடி வேகத்தில் போனால் சுமார் 1,280 வரும்; இங்கிலாந்தின் பெரிய மானுக்குச் செல்லாது. 243 வின்செஸ்டர் ரகம், 100 கிரெய்ன், 2,960 அடி: 1,946. தாராளம். 308 வின்செஸ்டர் ரகம், 150 கிரெய்ன், 2,820 அடி: 2,650 கிட்ட. புதிதாகத் தொடங்குபவருக்கு 243 போதும் என்பது என் கருத்து. உதைப்பு குறைவு, உதைப்புக்குப் பயந்து விசையை இழுக்கும்போது கண்ணை மூடும் பழக்கமும் வராது.

ஆற்றலைவிட முக்கியம் குண்டின் நுனி. 150 கிரெய்ன் என்றால் 10 கிராம்கூட இல்லை. அந்தத் துளி உலோகம் உடம்புக்குள் போனதும் காளான் மாதிரி விரிந்து இரண்டு மடங்கு அகலமாகணும். அப்போதுதான் நுரையீரல் உடனே நின்று போகும். முழு உறை போட்ட ராணுவக் குண்டு விரியாது. ஊசி மாதிரி இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்துவிடும். சின்ன ஓட்டை, கொஞ்சம் ரத்தம், மான் கிலோமீட்டர் கணக்கில் ஓடி எங்கோ புதரில் கிடந்து சாகும். பல இடங்களில் அதைச் சட்டமே தடுப்பது இதனால்தான்.

கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக்குண்டு கூடாது. செம்புக்குண்டுக்கு மாறினால் ஒரு படி எடை குறைந்ததை எடுங்கள், ஏனென்றால் செம்பு விரிய வேகம் வேண்டும். தோட்டாப் பெட்டி மாறினால் குறியும் மாறும். 100 கெஜத்தில் மூன்று குண்டு போட்டுப் பார்க்காமல் காட்டுக்குள் போகாதீர்கள். குழலில் பொறித்த பெயரும் தோட்டாவின் அடியில் பொறித்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். 300 பிளாக்அவுட் ரகத் தோட்டா 223 துப்பாக்கியில் உள்ளே போய்விடக்கூடும். ஆனால் குண்டு குழலைவிடப் பெரிது, துப்பாக்கி முகத்துக்கு நேரே வெடிக்கும்.

ஊருக்குத் திரும்பும்போது பையின் ஒவ்வொரு பாக்கெட்டையும் கவிழ்த்துக் கொட்டுங்கள். ஒரே ஒரு தோட்டா மறந்து கிடந்தாலும் பெங்களூரு விமான நிலையத்தில் ஆயுதச் சட்ட வழக்கு வரும்.

இனி நம்ம ஊர். நம்ம புள்ளிமானை 1932 வாக்கில் டெக்சாஸுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே அது வந்தேறி விலங்கு, உரிமம் இருந்தால் வருஷம் முழுக்கச் சுடலாம். இங்கே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அதனால் எந்தத் தோட்டாவும் செல்லாது. காவிரி வடக்கு, தெற்கு சரணாலயங்களுக்குள் வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு வருஷம் சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. உரிமம் இல்லாத துப்பாக்கிக்குத் தனியாக இரண்டு முதல் ஐந்து வருஷம்.

சட்டத்தை ஒரு நிமிஷம் தள்ளி வையுங்கள். நாட்டுத் துப்பாக்கியை மேலே சொன்ன அளவுகோலில் வைத்துப் பாருங்கள். குழலுக்குள் வரிப்பள்ளம் இல்லை, குண்டு சுழலாது, நேராகப் போகாது. கரிமருந்தின் வேகம் குறைவு. அதில் போடும் பால்ரஸ் குண்டு உருக்கு, விரியவே விரியாது. உருண்டையாக இருப்பதால் கொஞ்ச தூரத்திலேயே வேகம் செத்துவிடும். நாலைந்து பால்ரஸ் சிதறிப்போய் ஒன்று தொடையிலும் ஒன்று குடலிலும் பாய்கிறது. குடல் கிழிந்த மான் உடனே சாகாது, சீழ் பிடித்து நாள் கணக்கில் துடிக்கும். இதை வேட்டை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர்க் குழாயில் செய்த குழல் சுடுபவன் கையையே கொண்டுபோவதும் உண்டு.

“பயிரைக் காக்க வேண்டாமா” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ராகியும் நிலக்கடலையும் ஒரே ராத்திரியில் போனவனின் வயிற்றெரிச்சல் சாதாரணமானது இல்லை. 1959 ஆயுதச் சட்டத்திலேயே பயிர்ப் பாதுகாப்புக்காக குழல்வாய் வழியாக வெடிமருந்து இடிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்க இடம் உண்டு. ஆனால் அந்த உரிமம் மானைச் சுடும் அனுமதி இல்லை. காட்டுப்பன்றிக்கு 2025 ஜனவரியில் அரசாணை வந்தது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் நடவடிக்கை இல்லை, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள், 3 கிலோமீட்டர் தாண்டினால் சுடலாம். சுடுவது பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டுமே, நீங்களோ நானோ இல்லை.

மின்கம்பியும் அவுட்டுக்காயும் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) வைத்தால் பன்றி மட்டும் சாகாது. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் மின்வேலியில் மூன்று யானை செத்தது. தாயை இழந்த இரண்டு குட்டிகள் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தன.

பயிர் போனால் செடியை அப்புறப்படுத்தும் முன்பே படம் எடுங்கள், கால்தடத்தோடு சேர்த்து. சிட்டாவும் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய அடங்கலும் வைத்து வனச்சரக அலுவலகத்தில் இழப்பீடு கேட்டு மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள்.