எலும்புல விழுந்த விரிசலையும் சேத்திருக்கலாம்

நெருப்பை வச்சு குறி பாக்குறது வெறும் மூடநம்பிக்கைன்னு ஒரே வரியில உங்க கட்டுரைய நீங்க முடிச்சது மனசுக்கு ஒப்பலங்க. சீனாவுல ஷாங் வம்சத்து ராஜாக்கள் 3000 வருஷத்துக்கு முன்னாடியே இதை செஞ்சாங்க, ஆமையோட அடி ஓடு இல்லனா மாட்டோட தோள்பட்டை எலும்பு, பின்பக்கம் சின்ன சின்ன குழியா தோண்டி அதுல சூடு வைப்பாங்க, முன்பக்கம் படக்குனு விரிசல் விழும், அதைப் பாத்து பலன். அதோட விடல, என்ன கேட்டோம்னு அந்த எலும்புலயே செதுக்கி வச்சாங்க பாருங்க, அதான் பெரிய விஷயம்! சில எலும்புல கடைசியில என்ன நடந்துச்சுங்கிறதும் இருக்கு. வூ டிங் ராஜாவோட மனைவி ஃபூ ஹாவோவுக்கு பிரசவம் நல்லபடியா ஆகுமான்னு கேட்டிருக்காங்க, ராஜா இன்ன நாள்ல பிறந்தா நல்லதுன்னு சொல்றார், 31 நாள் கழிச்சு குழந்தை பிறந்தது, நல்லதில்ல, பொண்ணுன்னு எழுதியிருக்கு. படிச்சப்போ ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. இத்தனைக்கும் அந்த அம்மாவே படை நடத்திப் போனவங்க, 1976ல அவங்க கல்லறைய திறந்தப்போ உள்ள அத்தனை ஆயுதம்.

இந்த எலும்பையெல்லாம் ரொம்ப நாளா நாட்டு மருந்துன்னு பொடி பண்ணி சாப்பிட்டுட்டு இருந்திருக்காங்க, 1899லதான் இது எழுத்துன்னே தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி எத்தனை கேள்வி மருந்தாவே போயிருக்கும்னு நினைச்சா வயிறு எரியுது. இன்னைக்கு சீன எழுத்தோட ஆரம்பத்தை தேடுறவங்க இந்த எலும்புகிட்டதான் வந்து நிக்கணும். தயவுசெஞ்சு இதைப் பத்தி தனியா ஒரு கட்டுரை போடுங்க சார்.