தோற்காத அணியை வெளியே நிறுத்திய தீர்ப்பு

2023இல் ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்கு இழைக்கப்பட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை. 13 ஆட்டங்கள் ஆடி 13லும் வென்ற அணி அது. தன் கான்ஃபரன்சின், அதாவது தான் ஆடும் அணிகள் கூட்டமைப்பின், சாம்பியன். தேசியப் பட்டத்துக்கு மோதும் நான்கு அணிகளில் அதற்கு இடமில்லை என்று ஐந்தாவதாகத் தள்ளிவிட்டார்கள். பெரிய கான்ஃபரன்ஸ் ஒன்றைத் தோல்வியே இல்லாமல் வென்ற அணியை பட்டத்துக்கான அந்த நான்கு அணிப் போட்டியான ப்ளே-ஆஃபில் சேர்க்காமல் விட்டது அதுவே முதல் முறை.

பழக்கமில்லாதவர்களுக்காக: முட்டை வடிவப் பந்தை ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து இது. அணிகள் 130க்கும் மேல். ஒரு பருவத்தில் எல்லோரும் எல்லோருடனும் மோத வழியில்லை. அதனால் அப்போது 13 பேர் கொண்ட ஒரு தேர்வுக் குழு கூடிப் பேசி நான்கு அணிகளைத் தேர்ந்தெடுத்தது.

மைக் நார்வெல் பயிற்சியில் அந்த அணி முதல் ஆட்டத்திலேயே லூசியானா ஸ்டேட்டை 45-24 என்று வீழ்த்தியது. கிளெம்சனை அதன் சொந்த மைதானத்தில் கூடுதல் நேரத்தில் வென்றது. நவம்பர் 18 அன்று வடக்கு அலபாமாவுக்கு எதிரான ஆட்டத்தில்தான் இடி விழுந்தது. ஆட்டத்தை வழிநடத்திப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் பந்தோடு ஓடும்போது மடக்கி வீழ்த்தப்பட்டார். இடது கால் படுமோசமாகக் காயமடைந்தது. அணியின் மூளையே அவர்தான். தொடக்கத்தில் 13-0 என்று பின்தங்கிய அணி, அவரை இழந்த அந்த ஆட்டத்தையே 58-13 என்று முடித்தது.

அடுத்த வாரம் மாற்று வீரர் டேட் ரோட்மேக்கரை வைத்து, பரம எதிரியான ஃபுளோரிடாவை அவர்கள் ஊரிலேயே 24-15 என்று வென்றார்கள். அவருக்கும் தலையில் அடி. கான்ஃபரன்ஸ் இறுதியாட்டத்தில் முதலாண்டு மாணவர் பிராக் க்ளென் இறங்கினார். அவர் எறிந்து சேர்த்தது வெறும் 55 யார்டு. பார்க்க அழகான ஆட்டம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தடுப்பாட்டத்தைப் பாருங்கள்: லூயிவில் அணியை ஒரு டச் டவுன்கூட (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது) எடுக்க விடவில்லை. 16-6. வெற்றி வெற்றிதானே?

மறுநாள் காலை குழு நான்காவது இடத்துக்கு அலபாமாவைத் தேர்ந்தெடுத்தது. டெக்சாசிடம் சொந்த மண்ணில் தோற்ற அணி அது. தொடர்ந்து 29 ஆட்டங்களை வென்றிருந்த ஜார்ஜியாவை முந்தின நாள் வீழ்த்திய பெருமை அதற்கு உண்டு, மறுக்கவில்லை. டிராவிஸ் இல்லாத அணி பழைய அணி அல்ல என்பதே குழுவின் வாதம். முக்கிய வீரர் இல்லாததைக் கணக்கில் கொள்ளலாம் என்று விதியிலும் இருந்தது. அப்படியானால் 2014இல் ஓஹையோ ஸ்டேட்டை எப்படிச் சேர்த்தார்கள்? முதல் இரண்டு குவார்ட்டர்பேக்குகளும் காயமடைந்து, மூன்றாமவரான கார்டேல் ஜோன்சை வைத்து ஆடிய அணி. ஒரு தோல்வியும் கண்டிருந்தது. தேசியப் பட்டத்தையே வென்று காட்டியது. ஆடாத ஆட்டத்தின் முடிவு யாருக்குத் தெரியும்?

தன் கால் பருவத்தின் தொடக்கத்திலேயே முறிந்திருந்தால், இந்த அணி குவார்ட்டர்பேக்கை மட்டும் நம்பியது அல்ல என்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள் என்று அன்று டிராவிஸ் எழுதினார். களத்தில் அத்தனையும் செய்து கொடுத்த இளைஞனை, தன் காயத்துக்காகத் தன்னையே நொந்துகொள்ள வைத்த தீர்ப்பு எப்படிச் சரியாகும்?

ப்ளே-ஆஃபில் இடம் கிடைக்காமல் ஆடிய ஆரஞ்சு பௌல் என்ற பருவ இறுதி ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றதை இன்றும் எடுத்துக்காட்டி, குழு செய்தது சரிதான் என்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆட்டத்தில் அணியின் நட்சத்திரங்களான ஜாரெட் வெர்ஸ் இல்லை, கியான் கோல்மன் இல்லை, ரோட்மேக்கரும் இல்லை. பட்டத்துக்கான வழி அடைபட்ட பிறகு, என்எஃப்எல் எனும் தொழில்முறை லீக் கனவுக்காகவும் வேறு கல்லூரிக்காகவும் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். குழுவின் முடிவால் சிதைந்த அணியின் தோல்வியை, அதே முடிவுக்குச் சான்றாகக் காட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன்.

2024 முதல் 12 அணிகள் என்று மாற்றினார்கள். நல்லதுதான். ஆனால் அந்த மாணவர்களுக்கு அது ஓராண்டு பிந்திவிட்டது. நியூயார்க் ஜெட்ஸ் அணி தேர்ந்தெடுத்த டிராவிஸ், கால் தேறாததால் என்எஃப்எல்லில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் 2025இல் ஓய்வை அறிவித்தார்.